விரல் பிரியாத கையுறை

மைசூர்க் குளிர் ஆளைக் கொல்லாது. குல்லா போட்டு வாக்கிங் போகிறவர்களுக்கு அது ஒரு சுகம். மாணிக்கவாசகத்தின் கைகளைக் கொல்லவோ அந்தச் சுகமே போதுமானதாக இருந்தது. மார்கழிக் காலையில் பைப்பைத் திறந்து முகம் கழுவினான் என்றால் விரல்கள் ஒவ்வொன்றாக வெளுக்கும். நுனியில் ஆரம்பித்துக் கணு வரைக்கும் சுண்ணாம்பில் முக்கி எடுத்ததுபோல ஆகிவிடும். அதற்கப்புறம் சட்டைக்குப் பொத்தான் போடப் பெண்டாட்டி சொர்ணலதாதான் வரவேண்டும். காப்பி டம்ளரைக் கொடுத்தால், பிடித்திருக்கிறோமா விட்டுவிட்டோமா என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்வான்.

எல்லாம் தமர் போட்ட கை. பாறையில் வெடிக்குத் துளை போடுவதைத்தான் தமர் போடுவது என்பார்கள். கல்யாணத்துக்கு முந்தியே கம்ப்ரசர் வண்டிக்குப் பின்னால் போனவன் அவன். துளைக்கிற மிஷினின் ஒரு பிடியை இவன் பிடித்தால் மறுபிடியை மல்லப்பன் பிடிப்பான். இரண்டு பேரும் கொள்ளேகால் பக்கத்து ஆட்கள், ஒரே வண்டியில் மைசூருக்கு வந்தவர்கள். அந்த மிஷின் கல்லை மட்டும் துளைக்காது. பிடித்தவன் எலும்பையும் உள்ளுக்குள் உலுக்கிக்கொண்டே இருக்கும். சாயந்திரம் வேலை முடிந்து உட்கார்ந்தால் சோற்றுப் பிடி வாய்க்கு வருவதற்குள் பாதி உதிர்ந்துவிடும். வேலை செஞ்ச கை அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். இவனும் அதையே சொல்லிக்கொண்டான்.

முந்தின வருஷத்து மழையில் ஒரு அஸ்திவாரக் குழியில் மல்லப்பன் கரண்ட் அடித்துச் செத்தான். அதோடு இவன் மிஷினைத் தொடவில்லை. ரிங் ரோட்டுப் பக்கம் ஒரு அபார்ட்மெண்டில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. வாட்ச்மேன் என்று பேர்தான். விடிந்ததும் வாளியும் துணியுமாகக் கார் துடைக்க வேண்டும். பச்சைத்தண்ணீரில் கை ஊறி ஊறி, வலதுகை மோதிரவிரல் நுனி ஒருநாள் கறுத்தது. நகத்தில் அடிபட்டிருக்கும் என்று நினைத்தார்கள். கறுப்பு கீழே இறங்க ஆரம்பித்ததும் சொர்ணலதா அவனை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். அவனைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, ஒரு விரலில் சுடுதண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குழாயை வைத்தார். பிறகு ஐஸ் தண்ணீர்க் குழாயை வைத்தார்.

"எது சூடு, எது சில்லுன்னு சொல்லுங்க."

"ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்குதுங்க."

பத்து விரலுக்கும் அதையே சொன்னான். டாக்டர் குழாயை வைத்துவிட்டு, "விரலுக்கு ரத்தம் சரியாப் போகலே, நரம்பும் கெட்டிருக்கு. பச்சைத்தண்ணி கூடாது, பீடி கூடாது. எந்நேரமும் கை கதகதன்னு இருக்கணும். நல்ல கையுறையா வாங்கிப் போடுங்க. அடுத்த மாசம் வந்து காட்டுங்க. கறுப்பு நின்னுருந்தா விரல் பிழைக்கும், இல்லேன்னா எடுத்துடறதுதான்" என்றார்.

மாணிக்கவாசகம் விரலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "இந்த மரப்பு எப்பயிருந்துங்க இருக்கும்?" என்றான்.

"மிஷின் பிடிச்ச காலத்துலயே போயிருக்கும். உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

"விரல்ல மூச்சுக்காத்து பட்டாத் தெரியுமுங்களா?"

டாக்டர் சிரித்தார். "சுடுதண்ணியே தெரியலே. மூச்சா தெரியப் போகுது?"

இது என்ன கேள்வி என்று சொர்ணலதா அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வழியில் பஸ்சுக்கு நிற்கும்போது பீடிக்கட்டை எடுத்துச் சாக்கடையில் போட்டான். அவளுக்கே நம்ப முடியவில்லை. இத்தனை வருஷமாக அவள் சண்டை பிடித்தும் நடக்காத காரியம்.

"பீடியும் இல்லேன்னா இனி எதைத்தான் புடிக்கிறது?" என்றான்.

"என்ற கையைப் புடிங்க. அது என்ன உங்களுக்குப் பொகையா உடப்போகுது?"

அவன் சிரிக்கவில்லை. கையையும் பிடிக்கவில்லை.

கார் துடைக்கிற வேலையை இன்னொரு ஆளிடம் விட்டுவிட்டு அவன் கேட்டில் மட்டும் நின்றான். சம்பளம் குறைந்தது, அதை அவள் பேசவில்லை. அவள் துணிக் கம்பெனியில் நூல் வெட்டிச் செக்கிங் பார்க்கிறவள். இரண்டு பேர் வயிற்றுக்கு அது போதும். ஒரே மகன் சந்துரு ஓசூரில் தன் பாட்டைப் பார்த்துக்கொள்கிறான். அவளுடைய கவலையெல்லாம் அந்த ஒரு விரல்தான்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தரையில் படுத்தவள் அசந்துவிட்டாள். என்னவோபோல் இருக்க, கண்ணைத் திறந்தாள். முகத்துக்கு நேராக அவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். அவனுடைய வெளுத்த விரல்கள் இரண்டு அவள் மூக்குக்குக் கீழே இருந்தன. மூக்கைத் தொடாமல் அப்படியே காற்றில் நிறுத்தியிருந்தான்.

அவள் தலையைப் பின்னுக்கு இழுத்தாள். "என்ன பண்றீங்க?"

"காத்து வருதான்னு பாத்தேன்."

"வரலையாக்கும்?"

"வரலே" என்றான். சொல்லிவிட்டு எழுந்து வெளியே போனான். உயிரோடிருக்கிற பெண்டாட்டியைப் பார்த்து மூச்சு வரவில்லை என்று ஒரு மனுசன் சொல்லிவிட்டுப் போகிறான். பட்டப்பகலில் அவளுக்கு மயிர்க்கால் குத்திட்டது. தன்னையறியாமல் தன் விரலை எடுத்துத் தன் மூக்குக்குக் கீழே வைத்தாள். வெதுவெதுவென்று வந்தது.

அதற்கப்புறம் அவள் கவனிக்க ஆரம்பித்தாள். கேட்டருகே படுத்துத் தூங்கும் நாயின் மூக்கருகில் விரலை வைத்தான். சோற்றுப் பானை ஆவியில் விரலை நீட்டிக்கொண்டு நின்றான். சில சமயம் கையை உதறினான், யாரோ பிடித்திருப்பதுபோல.

"என்ன?" என்று கேட்டால், "கனமா இருக்குது" என்பான்.

பேய் பிசாசுக்குப் பார்க்க அவளிடம் நேரமில்லை. மொதல்ல கை சூடாகட்டும், புத்தி தானா வரும் என்று கையுறை வாங்கப் புறப்பட்டாள்.

முதலில் வாங்கியது பைக் ஓட்டுகிறவர்கள் போடும் ரெக்சின் உறை. கறுப்பு, பளபளப்பு. இறுக்கமாக இருந்தால் சூடு வெளியே போகாது என்று அவள் கணக்குப் போட்டாள். எதிர்ப்பு சொல்லாமல் போட்டுக்கொண்டு போனவன், மத்தியானம் கழற்றியபோது கை முழுக்கப் பிணம்போல வெளுத்திருந்தது. மணிக்கட்டில் ரப்பர் கடித்த தடம். இறுக்கியது இருந்த கொஞ்ச ரத்தத்தையும் நிறுத்திவிட்டது. மோதிரவிரலின் பக்கத்தில் உள்தையல் உரசிக் கொப்புளம் எழும்பியிருந்தது. வலித்திருந்தால்தானே அவனுக்குத் தெரியும்.

அவள் தன்னையே திட்டிக்கொண்டாள். நாளெல்லாம் தையலைத் தடவிப் பார்க்கிறவளுக்கு இது தெரியவில்லையே.

குளிர் வந்தால் பைலகுப்பே முகாமிலிருந்து திபெத்துக்காரர்கள் வந்து வரிசையாக ஸ்வெட்டர்க் கடை போடுவார்கள். அடுத்த லீவில் அங்கே போனாள். ஒரு கடையில் கன்னம் சிவந்த, குண்டான பெண்ணொருத்தி ஸ்வெட்டர் மடித்துக்கொண்டிருந்தாள். சொர்ணலதா கையுறை கேட்டாள், பேச்சு கன்னடத்தில் நடந்தது.

"யாருக்கு அக்கா? பொண்ணுக்கா, பையனுக்கா?"

"வீட்டுக்காரருக்கு."

"எங்கே போறார், ஊட்டியா?"

"எங்கேயும் போகலே. கேட்டுல நிக்கிறார்."

அந்தப் பெண் கையிலிருந்த ஸ்வெட்டரைக் கீழே வைத்தாள். ஒரு கையுறைக் குவியலை இழுத்துப் போட்டாள். சொர்ணலதா ஒவ்வொன்றையும் உள்பக்கம் திருப்பினாள். நைலான் கலந்தது வேண்டாம், வியர்த்து ஈரமாகும், ஈரம் குளிரும். இது தையல் முரடு. இது மணிக்கட்டில் ரப்பர். இது விரல் குட்டை, நுனியில் முட்டும்.

"அக்கா, நீ கையுறை வாங்க வந்தியா, மாப்பிள்ளை பாக்க வந்தியா?"

"மாப்பிள்ளை பாத்தப்போ இவ்வளவு பாக்கலே. அதான் இப்பப் பாக்கறேன்."

அந்தப் பெண் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அடியிலிருந்து ஒரு ஜோடியை எடுத்தாள். சாம்பல் நிறம், தடித்த கம்பளி, உள்ளே மிருதுவான துணி. அதில் நாலு விரலுக்கும் சேர்த்து ஒரே பை, கட்டைவிரலுக்கு மட்டும் தனி.

"குழந்தைக்குப் போடற மாதிரி இருக்கே."

"விரலைப் பிரிச்சா ஒவ்வொண்ணும் தனியாக் குளிரும். சேத்து வெச்சா ஒண்ணுக்கொண்ணு சூடு குடுத்துக்கும். குடும்பம் மாதிரி."

சொர்ணலதா கையை உள்ளே விட்டுப் பார்த்தாள். தளர்வாக இருந்தது. சட்டெனக் கதகதப்பு ஏறவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, தன் சூடே தன்னிடம் திரும்பி வருவதுபோல வந்தது. எடுக்க மனமில்லாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். ஒன்று தொலைந்துபோகாமல் இருக்க இரண்டு உறைகளையும் ஒரு கம்பளிக் கயிறு சேர்த்திருந்தது. கயிறு கட்டைவிரல் அடியிலிருந்து கட்டைவிரல் அடிக்கு ஓடியது. அதை அவள் கவனிக்கவேயில்லை.

வீட்டுக்கு வந்து அதை அவன் மடியில் போட்டாள். "இந்தாங்க. இதுக்கும் ஒரு நொட்டை சொன்னீங்கன்னா அப்பறம் நான் மனுசியா இருக்கமாட்டேன்."

அவன் உறைகளைப் பார்த்தான். கயிற்றைப் பார்த்தான். முகத்திலிருந்த ரத்தமும் இறங்கிவிட்டது.

"யாருக்கு வாங்கிட்டு வந்தே?"

"யாருக்கா? உங்களுக்குத்தான்."

"பெருவிரல் கட்டோடவே வாங்கிட்டு வந்திருக்கறயே சொர்ணா."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. உயிர் பிரிந்ததும் உடம்பு விறைப்பதற்குள் இரண்டு கைப் பெருவிரல்களையும் சேர்த்துத் துணியால் கட்டுவார்கள். கால் பெருவிரல்களையும் கட்டுவார்கள். அவன் மடியில் இரண்டு கையுறைகள் கட்டைவிரலோடு கட்டைவிரல் கட்டப்பட்டுக் கிடந்தன. உள்ளே கைதான் இல்லை.

ஓடிப்போய்க் கத்தரிக்கோலை எடுத்து வந்து கயிற்றை வெட்டி அடுப்புக் குப்பையில் போட்டாள். "போச்சு. கயிறுமில்லே, கட்டுமில்லே. போடுங்க."

அவன் கையை நீட்டவில்லை.

"மல்லப்பனுக்கு நாந்தான் கட்டுனேன்" என்றான்.

அது அவளுக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரியும். குழியில் தேங்கிய மழைத்தண்ணீரை இறைக்கப் போட்டிருந்த மோட்டாரில் கை வைத்தவன் தூக்கி எறியப்பட்டான். மூங்கிலால் தள்ளி அவனை மேட்டில் கிடத்தினார்கள். கரண்ட் உடம்பிலேயே நிற்கும் என்று பயந்து ஒருத்தரும் தொடவில்லை. கூட்டாளி இவன்தான் தொட்டான். ஊரில் எல்லோரும் செய்கிறபடி மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தான், கையைப் பிடித்துப் பார்த்தான். "மூச்சில்லே. சில்லுன்னு கெடக்கறான். போயிட்டான்" என்றான். அவன் சொன்ன பிறகு யாரும் ஓடவில்லை. தலைத்துண்டைக் கிழித்துப் பெருவிரல்களைக் கட்டினான். டெம்போ வர வெகுநேரம் ஆனது. மல்லப்பன் பெண்டாட்டி நஞ்சம்மா வந்த பிறகுதான் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே முடிந்துவிட்டது என்றார்கள்.

டாக்டரிடம் அவன் கேட்ட கேள்வி இப்போது அவள் காதில் திரும்பவும் விழுந்தது. விரல்ல மூச்சுக்காத்து பட்டாத் தெரியுமுங்களா?

சொர்ணலதா அடுப்படிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"உங்க கையும் மழையில நனைஞ்சுதானே இருந்துச்சு" என்று மட்டும் சொன்னாள்.

"நனைஞ்சுதான் இருந்துச்சு. வெளுத்துத்தான் இருந்துச்சு. அந்தக் கையிலதான் பாத்துச் சொன்னேன்." அவன் மோதிரவிரலைத் தூக்கிக் காட்டினான். கறுப்பு நகத்தைத் தாண்டியிருந்தது. "இந்த வெரலைத்தான் வெச்சேன். பொய் சொன்ன வெரலு. போகட்டும் உடு."

"அவுரு அப்பவே போயிட்டாருங்க."

"நீ பாத்தியா?"

அவள் பார்க்கவில்லை. பிறகு பார்த்தவள் ஒருத்திதான்.

நஞ்சம்மா ரிங் ரோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளுவண்டியில் போண்டா போடுகிறாள். மறுநாள் ஷிப்டு முடிந்ததும் சொர்ணலதா அங்கே போனாள். எண்ணெய்ச் சட்டிக்குப் பின்னால் நஞ்சம்மா வியர்த்து நின்றாள். புருசன் செத்த பிறகு கொஞ்சம் பெருத்திருந்தாள், குரலும் பெருத்திருந்தது.

"வா கண்ணு. மாணிக்கண்ணன் கை எப்படி இருக்குது? வெரல எடுக்கோணும்னாங்களாமே."

"உறை வாங்கியிருக்கறேன் அக்கா. போடமாட்டேங்கறாரு."

"ஆம்பளைங்க பொம்பளை சொல்லி எதைப் போட்டாங்க? எம்பட ஆளு செருப்பே போடமாட்டாரு." ஒரு போண்டாவை இலையில் வைத்து நீட்டினாள். "தின்னு. காசு குடுத்தா இந்தக் கரண்டியாலயே போடுவேன்."

சொர்ணலதா போண்டாவைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள். எப்படிக் கேட்பது என்று வழியெல்லாம் யோசித்து வந்தது ஒன்று, வாயில் வந்தது வேறு.

"அன்னைக்கு நீங்க வந்தப்போ... அண்ணனுக்குக் கையில கட்டு இருந்துச்சுங்களா அக்கா?"

நஞ்சம்மா எண்ணெயில் மாவை விட்டாள். அது பொங்கி அடங்கியது.

"எங்கே இருந்துச்சு? அவுந்துல்ல கெடந்துச்சு. ஒரு கை நெஞ்சு மேல இருந்துச்சு. இன்னொரு கை கீழே சரிஞ்சு, மண்ணைப் புடிச்ச மாதிரி கெடந்துச்சு. துண்டுக் கெழிசல் பக்கத்துல விழுந்து கெடந்துச்சு. நாந்தான் மறுக்காக் கட்டினேன்." கரண்டியால் போண்டாவைப் புரட்டினாள். "உன்ற வூட்டுக்காரன் முடிச்சுப் போட்ட லச்சணம் அப்படி. மரத்த கையி, பாவம், என்னத்தைக் கட்டியிருப்பாரு?"

சொர்ணலதாவின் கையில் போண்டா சுட்டது. அவள் விடவில்லை.

"முடிச்சு லூசா இருந்திருக்கும்" என்றாள்.

"லூசாத்தான் இருந்திருக்கும்."

நஞ்சம்மா எண்ணெய்ச் சட்டியையே பார்த்தாள். குரலைத் தாழ்த்தாமல், விலை சொல்வதுபோலச் சொன்னாள்: "அதை நான் அன்னைக்கு ஒருக்கா நெனைச்சேன். அதுக்கப்பறம் நெனைக்கறதில்லே. நெனைச்சா கடை போட முடியாது. நீயும் நெனைக்காத. போயி உன்ற ஆளு கையைப் பாரு."

வரும்போது பஸ்சில் உட்கார இடம் இருந்தும் சொர்ணலதா நின்றுகொண்டே வந்தாள். மரத்த கை முடிச்சு போட்டால் அவிழத்தான் செய்யும். அது ஒரு நியாயம். மண்ணைப் பிடித்த கைக்கு என்ன நியாயம்? டெம்போவுக்கு வழிவிட யாராவது நகர்த்தியிருப்பார்கள். கை சரிந்திருக்கும். சரிந்த கை மண்ணில்தான் கிடக்கும். இப்படி ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள். சொல்லி முடித்ததும் அந்தக் கை திரும்பவும் மண்ணைப் பிடித்தது.

வீட்டுக்குள் நுழைந்தபோது அவன் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தான். அவள் ஸ்விட்சைத் தட்டினாள். பையைக்கூட இறக்காமல் பேசினாள்.

"நஞ்சம்மாக்காகிட்டப் போயிருந்தேன்."

அவன் தலை தூக்கினான்.

"கட்டு நீங்க கட்டுனபடியே இருந்துச்சாம். அசையலையாம். கையி கட்டையா வெறச்சுக் கெடந்துச்சாம், அவங்க வந்து புடிச்சுப் பாத்தாங்களாம். அவங்க வெரலு மரத்த வெரலு இல்லே. அவங்களுக்குத் தெரியும். விழுந்தப்பவே போயிட்டாருன்னு சொன்னாங்க."

"அவளா சொன்னா?"

"பின்னே நானா சொல்றேன்?"

அவன் அவள் முகத்தை வெகுநேரம் பார்த்தான். துணிக் கம்பெனியில் ஓட்டைத் துணியை நல்ல துணி என்று சூப்பர்வைசரிடம் காட்டும்போது எப்படி நிற்பாளோ அப்படி, கண்ணைத் தாழ்த்தாமல் நின்றாள்.

பிறகு அவன் இரண்டு கைகளையும் நீட்டினான்.

சாம்பல் உறைகளை அவள் சோற்றுப் பானை மூடிமேல் கொஞ்சம் வைத்து எடுத்தாள். நேராகப் போட்டுவிடவில்லை. அவன் தோலுக்குச் சூடு தெரியாது, வெந்தாலும் தெரியாது. தன் கன்னத்தில் வைத்துப் பதம் பார்த்தாள். பிறகு ஒவ்வொரு விரலாகத் தடவி, நாலையும் சேர்த்து உள்ளே விட்டாள். பெருவிரலைத் தனியாக விட்டாள். ரப்பர் இல்லை, இறுக்கமில்லை. குழந்தைக்குப் போடுவதுபோல மணிக்கட்டு வரைக்கும் இழுத்துவிட்டாள்.

"சூடு தெரியுதா?"

"தெரியலே. ஆனா கனம் கொறைஞ்ச மாதிரி இருக்குது."

அன்றிலிருந்து அவன் அதைக் கழற்றவில்லை. கேட்டில் நிற்கும்போது அபார்ட்மெண்ட் பிள்ளைகள் பாக்சிங் மாமா என்று கூப்பிட்டார்கள். ஒரு குத்து விடுவதுபோலக் கையை ஓங்குவான், அவை கூச்சலிட்டு ஓடும். நாய் மூக்கருகில் விரல் வைப்பது நின்றது. கறுப்பு கீழே இறங்குவதை நிறுத்தியது. அதன் ஓரத்தில் ரோஜா நிறமாக ஒரு கோடு விழுந்தது. மாதம் முடிந்து போனபோது டாக்டர் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நுனி கொஞ்சம் உதிரும். விரல் தப்பிச்சிருச்சு" என்றார். வெளியே வந்து சொர்ணலதா ஆஸ்பத்திரிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எதற்கு இவ்வளவு அழுகிறாள் என்று அவனுக்குப் புரியவில்லை. உறை போட்ட கையால் அவள் முதுகைத் தட்டினான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டதும் அவன் தரையில் படுத்துத் தூங்கினான். ஒரு கை நெஞ்சு மேல் இருந்தது. இன்னொன்று சரிந்து தரையில் கிடந்தது. சொர்ணலதா பாத்திரம் கழுவிவிட்டு வந்தவள் அதைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றாள். அந்தக் கை தரையைப் பிடித்திருப்பதுபோல இருந்தது.

கையைச் சேலையில் துடைத்தாள். சத்தமில்லாமல் பக்கத்தில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். விரலை அவன் மூக்குக்குக் கீழே வைத்தாள். வெதுவெதுவென்று காற்று பட்டது. நல்ல விரல்தான், சூடு தெரிகிற விரல்தான். ஆனாலும் எடுக்காமல் இன்னொரு மூச்சுக்குக் காத்திருந்தாள். அது வந்தது. அதற்கடுத்ததுக்கும் காத்திருந்தாள்.

அவன் கண்ணைத் திறக்கவில்லை.

"வருதா?" என்றான்.

"வருது" என்றாள்.

விரலை எடுக்கவில்லை.